லேப்டாப்பில் ஓடும் வீடியோ போனில் ஏன் ஓடவில்லை? சொந்த சர்வரில் வீடியோ வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்த இணையதளத்தில் வீடியோ போடப் புதிதாக இறங்குபவர்களைக் கவனித்துக்கொண்டு வருகிறேன். நான் விழுந்த அதே குழிகளில், கிட்டத்தட்ட அதே வரிசையில் விழுகிறார்கள். "என் லேப்டாப்பில் நல்லா ஓடுது, போனில் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு" என்று தொடங்கும். பிறகு பிளேயரை மாற்றுவார்கள், அப்புறம் ஹோஸ்டிங்கை மாற்றுவார்கள், கடைசியில் பார்ப்பவரின் போன் சரியில்லை என்பார்கள்.

யூடியூபில் ஏற்றினால் இந்தத் தொல்லை இல்லை. ஒரே வீடியோவைப் பல அளவுகளில், பல வடிவங்களில் அவர்களே மாற்றி வைத்துக்கொள்வார்கள். கட்டண வகுப்பு, அலுவலகப் பயிற்சி என்று ஏதோ காரணத்துக்காகச் சொந்த சர்வரில் வைத்தால் அந்த வேலை முழுவதும் நம் தலையில்தான். லிங்க்கில் எழுத்துப்பிழை, அப்லோட் பாதியில் நின்றுபோனது போன்றவற்றை இங்கே எழுதவில்லை; அவை தாமாகவே கண்ணில் படும். படாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

## எம்பி4 என்று முடிந்தால் போதும் என்று நம்புவது

எம்பி4 என்பது வெறும் உறை. உள்ளே படம் எந்த கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கி, விரிக்கும் முறை) இருக்கிறது, ஒலி எதில் இருக்கிறது என்பதுதான் போனுக்கு முக்கியம். எல்லாப் போன்களிலும் ஓட வேண்டுமென்றால் படம் எச்.264, ஒலி ஏஏசி. இன்றைக்கும் இதைவிடப் பத்திரமான ஜோடி கிடையாது.

இங்கே அதிகம் பேர் மாட்டுவது ஐபோனில் எடுத்த வீடியோவால். 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து, ஐபோன் 7-உம் அதற்குப் பிந்தையவையும் எச்இவிசி கோடெக்கில்தான் வழக்கமாகப் பதிவுசெய்கின்றன. ஆசிரியர் தன் ஐபோனில் பாடம் எடுப்பார், அப்படியே ஏற்றுவார், அதே ஐபோனில் ஓட்டிப் பார்ப்பார். அழகாக ஓடும். மாணவரின் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் குரல் மட்டும் வரும், படம் கறுப்பாக இருக்கும். கேமரா செட்டிங்ஸில் ஃபார்மட்ஸ் பகுதிக்குப் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று மாற்றிவிட்டால் இனி எடுப்பவை எச்.264-இல் வரும். ஏற்கெனவே எடுத்தவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும்.

இதன் தங்கை ஒன்று இருக்கிறது. எச்.264-தான், ஆனாலும் ஓடாது. ஸ்டூடியோ கேமராவில் 10 பிட், 4:2:2 என்ற, நிற விவரம் அதிகமுள்ள வடிவில் எடுத்து, அப்படியே எக்ஸ்போர்ட் செய்திருப்பார்கள். அல்லது திரைப்பதிவு 4:4:4-இல் அமைந்திருக்கும். போன்களில் எச்.264-ஐ விரிக்கும் சிப்புகள் பொதுவாக 8 பிட், 4:2:0-க்கென்றே செய்யப்பட்டவை. வீடியோவை மாற்ற எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் பிக்சல் ஃபார்மட்டாக ஒய்யூவி420பி என்று வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள்.

## வீடியோவை பிஎச்பி வழியாக அனுப்புவது

பிஎச்பி என்பது சர்வரில் ஓடும் நிரல்மொழி. இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் இதற்கான விலையை எப்போதும் வேறு யாரோதான் கொடுக்கிறார்கள்.

ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தின் தளம். பணம் கட்டிய மாணவர்கள் லாகின் செய்து வகுப்புகளைப் பார்க்க வேண்டும். ஐபோனில் பிளே பட்டனுக்குக் குறுக்கே கோடு போட்ட படம் மட்டும் தெரிகிறது. ஆண்ட்ராய்டில் வட்டம் சுற்றுகிறது. பொறுமையாகக் காத்திருந்தால் ஓடுகிறது. பாதியிலிருந்து பார்க்கலாம் என்று வீடியோவின் அடியில் உள்ள நேரக்கோட்டை இழுத்தால் மறுபடி தொடக்கத்துக்கே போய்விடுகிறது. என்னிடம் வருவதற்கு முன் அவர்கள் சர்வரைப் பெரிதாக்கியிருந்தார்கள். ஆண்டுச் சந்தா கட்டி ஒரு பிளேயர் வாங்கியிருந்தார்கள். எல்லா வகுப்புகளையும் தரம் குறைத்துத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். கரும்பலகை எழுத்துகூடப் படிக்க முடியாத அளவுக்கு.

காரணம், லாகின் சரியா என்று பார்த்துவிட்டு ஃபைலைத் திறந்து அனுப்பும் ஒரு சின்ன பிஎச்பி நிரல். வீடியோவை யாரும் நேரடியாக எடுத்துவிடக் கூடாது என்பதற்காக யாரோ நல்லெண்ணத்தோடு எழுதியது. இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் வகை. லாகின் சோதனை சரியாகவே இருந்தது. வீடியோவைக் கேட்பவர் எந்தப் பகுதியைக் கேட்கிறார் என்பதை மட்டும் அது பார்க்கவே இல்லை.

நடப்பது இதுதான். பிரவுசர் ஒரு வீடியோவை முழுதாகக் கேட்பதில்லை. 'ரேஞ்ச்' என்ற தலைப்பில் (ஹெடர்), இந்த பைட்டிலிருந்து இந்த பைட் வரை கொடு என்று கேட்கும். ஐபோனின் சஃபாரி முதலில் 0-இலிருந்து 1 வரை, அதாவது வெறும் இரண்டு பைட்டைக் கேட்டுப் பார்க்கும். சர்வர் 206 என்ற எண்ணோடு, அந்த இரண்டு பைட்டையும் ஃபைலின் மொத்த அளவையும் சொன்னால், சரி, இங்கே துண்டு துண்டாக வாங்கலாம் என்று புரிந்துகொண்டு மேலே போகும். 200 என்று சொல்லி முழு ஃபைலையும் கொட்டத் தொடங்கினால் சஃபாரி அதோடு விட்டுவிடும். ஐஓஎஸ்-க்கு வீடியோ தரும் சர்வர் இந்தத் துண்டுக் கோரிக்கைகளுக்குப் பதில் தர வேண்டும் என்று ஆப்பிள் தன் வழிகாட்டியிலேயே எழுதிவைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு குரோம் இவ்வளவு கறாராக இல்லை. கிடைப்பதை வைத்து ஓட்டப் பார்க்கும். அதனால்தான் "ஆண்ட்ராய்டில் வருதே, ஐபோனில்தான் பிரச்சினை" என்று பலரும் தப்பான இடத்தில் தேடுகிறார்கள்.

வேதனை என்னவென்றால், அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருள்கள் சாதாரண ஃபைலைத் தரும்போது 206 பதிலைத் தாமாகவே சரியாகத் தருகின்றன. யாரும் எதுவும் செய்ய வேண்டாம். நடுவில் பிஎச்பியை நுழைத்து அந்த வசதியை நாமே பறித்துக்கொள்கிறோம்.

சேதம் அதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் வீடியோ போய் முடியும்வரை ஒரு பிஎச்பி வேலை பிடிபட்டுக் கிடக்கலாம். ஒரே நேரத்தில் இத்தனைதான் ஓடலாம் என்று அதற்கு உச்சவரம்பு உண்டு. மாலையில் எல்லோரும் உட்காரும் நேரத்தில் அது நிரம்பிவிட்டால் வீடியோ மட்டுமல்ல, முகப்புப் பக்கமே திறக்காது. அதைப் பார்த்துத்தான் "சர்வர் போதவில்லை" என்று பெரிதாக்கினார்கள். இன்னொன்று: அந்த நிரல் செஷனை (அந்த மாணவரின் லாகின் விவரத்தை சர்வர் நினைவில் வைத்திருக்கும் இடம்) திறந்தபடியே வைத்திருந்தால், வீடியோ இறங்கி முடியும்வரை அதே மாணவர் தளத்தின் வேறு எந்தப் பக்கத்தையும் திறக்க முடியாது, செஷன் பூட்டு விடாது.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது மாணவர் பக்கத்துக் கணக்கு. கோட்டை இழுக்கும்போதெல்லாம் ஃபைல் முதலிலிருந்து மறுபடி இறங்குகிறது. நாளுக்கு 1.5 ஜிபி பேக் போட்டுப் படிக்கிற பிள்ளைக்கு, ஒரே வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தைத் திரும்பப் பார்க்கப் போய் அன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்துபோகும். எதனால் தீர்ந்தது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது.

கண்டுபிடிப்பது எளிது. கம்ப்யூட்டரில் குரோமின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, நெட்வொர்க் பகுதியை வைத்துக்கொண்டு வீடியோவை ஓட்டுங்கள். வீடியோ ஃபைலின் வரியில் 206 என்று இருந்தால் நல்லது. 200 என்று இருந்தால் இதுதான் உங்கள் நோய். வேறு எதையும் மாற்றுவதற்கு முன், பணம் எதுவும் செலவழிப்பதற்கு முன், இந்த ஒரு எண்ணைப் பாருங்கள்.

லாகின் பாதுகாப்பை விட வேண்டியதில்லை. பிஎச்பி லாகினை மட்டும் சரிபார்க்கட்டும். ஃபைலைக் கொடுக்கும் வேலையை சர்வரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என்ஜின்எக்ஸில் அதற்கு எக்ஸ்-ஆக்ஸல்-ரீடைரக்ட் என்ற தலைப்பு இருக்கிறது, அப்பாச்சியில் எக்ஸ்-சென்ட்ஃபைல் என்ற மாட்யூல் இருக்கிறது. வெளி ஸ்டோரேஜில் வைத்திருந்தால், சில மணி நேரத்தில் காலாவதியாகும் கையெழுத்திட்ட லிங்க் கொடுங்கள். அந்த மையத்திலும் இதைத்தான் செய்தோம். நிரலில் மாறியது சில வரிகள்.

சந்தா கட்டிய பிளேயருக்கு இதில் எந்த வேலையும் இல்லை.

## அட்டவணை கடைசியில் இருக்கும் ஃபைல்

எம்பி4-க்குள் மூவ் என்றொரு பகுதி உண்டு. எந்தக் காட்சி ஃபைலில் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அது கைக்கு வராமல் பிளேயர் ஒரு ஃபிரேமைக்கூடக் காட்டாது. பதிவு முடிந்த பிறகே அதை எழுத முடியும் என்பதால் பல மென்பொருள்கள் அதைக் கடைசியில் வைத்துவிடுகின்றன. ரேஞ்ச் வேலை செய்யும் சர்வராக இருந்தால் பிரவுசர் கடைசிக்குத் தாவி அதை எடுத்துக்கொள்ளும். தொடங்கக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். மேலே சொன்ன பிஎச்பி தவறோடு இதுவும் சேர்ந்தால் முழு ஃபைலும் இறங்கிய பிறகுதான் முதல் காட்சி.

எஃப்எஃப்எம்பெக்கில் மூவ்ஃபிளாக்ஸ் என்பதற்கு ஃபாஸ்ட்ஸ்டார்ட் என்று கொடுத்தால் மூவ் முன்னுக்கு வந்துவிடும். கோடெக்கை காப்பி என்று வைத்தால் படத்தை மறுபடி சுருக்காது. தரம் குறையாது, பெரிய ஃபைல்கூடச் சீக்கிரம் முடிந்துவிடும். ஹேண்ட்பிரேக் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் வெப் ஆப்டிமைஸ்டு பெட்டியில் டிக் போடுங்கள்.

## எடிட்டர் கொடுத்த ஃபைலை அப்படியே ஏற்றுவது

கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 8 மெகாபிட் என்றால் 1 மெகாபைட். 45 நிமிட வகுப்பு 2,700 விநாடி, அதாவது 2.7 ஜிபி. அதே வகுப்பை 720பி-இல் விநாடிக்கு 1.5 மெகாபிட்டாகச் சுருக்கினால் 500 எம்பி சொச்சம்தான். ஆசிரியர் நின்று பேசும் வீடியோவுக்கு, பலகையில் எழுதும் வீடியோவுக்கு அது தாராளம். நடனம், விளையாட்டு என்றால் போதாது. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை வைக்காமல், உங்கள் வீடியோவிலேயே அசைவு அதிகமுள்ள ஒரு நிமிடத்தைத் தனியாக வெட்டிச் சுருக்கிப் பார்த்து முடிவெடுங்கள்.

## கூகுள் டிரைவ் லிங்க்கை வீடியோ முகவரியாகக் கொடுப்பது

வேண்டாம்.

## தானாக ஓட வேண்டும் என்று பிடிவாதம்

ஒலியோடு தானாக ஓடும் வீடியோவை போன் பிரவுசர்கள் பொதுவாகத் தடுத்துவிடும். ஒலியில்லாமல் ஓட்டலாம். ஐபோனில் 2016-இல் ஐஓஎஸ் 10 வந்ததிலிருந்து, வீடியோ டேகில் மியூட்டட், பிளேஸ்இன்லைன் இரண்டும் இருந்தால் பக்கத்துக்குள்ளேயே ஓடும். பிளேஸ்இன்லைனை விட்டுவிட்டால் ஓட்டியதும் முழுத்திரைக்குப் போய்விடும். லோ பவர் மோடில் இருக்கும் ஐபோனில் இவை இருந்தும் தானாக ஓடாது. ஆகவே, தட்டி ஓட்ட ஒரு பட்டனும், ஓடாதபோது தெரிய ஒரு போஸ்டர் படமும் எப்போதும் இருக்கட்டும்.

## எடுத்த எடுப்பில் எச்எல்எஸ்

ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ் நல்ல முறைதான். வீடியோவைச் சிறு துண்டுகளாக்கி, பல தரங்களில் வைத்து, இணைய வேகத்துக்கு ஏற்ப மாற்றி மாற்றித் தரும். நீண்ட வகுப்புகளுக்கு, பேருந்தில் போய்க்கொண்டே பார்ப்பவர்களுக்கு அது உண்மையிலேயே உதவும். ஆனால் பலர் ஒரே ஒரு தரத்தை மட்டும் துண்டாக்கி வைத்துவிட்டு எச்எல்எஸ் போட்டாகிவிட்டது என்கிறார்கள். மாற்றிக்கொள்ள இரண்டாவது தரம் இல்லையென்றால் வேகம் குறையும்போது அதுவும் சுற்றத்தான் செய்யும். பல தரங்கள் வைக்கும்போது எல்லாவற்றிலும் கீஃபிரேம்கள் (முழுப் படமாகச் சேமிக்கப்படும் ஃபிரேம்கள்) ஒரே நேரப்புள்ளியில் விழ வேண்டும். இல்லாவிட்டால் தரம் மாறும் இடத்தில் படம் துள்ளும். ஐந்து நிமிட வீடியோக்கள்தான் என்றால், ஒழுங்காகச் சுருக்கிய எம்பி4-ஏ போதும்.

## வைஃபையில் மட்டும் சோதிப்பது

வைஃபையை அணைத்துவிட்டு, உங்கள் வீட்டிலேயே பழைய போன் எதுவோ அதில் ஓட்டிப் பாருங்கள்.

## தமிழில் ஃபைல் பெயரும் சப்டைட்டிலும்

ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுத முடியும்: ககரத்தோடு ஒகரக்குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. 'கோ', 'கௌ' இரண்டுக்கும் இதே கதை. திரையில் வேறுபாடு தெரியாது, சர்வருக்கு அவை வெவ்வேறு பெயர்கள். பழைய மேக் கம்ப்யூட்டர்களின் ஃபைல் அமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவில் சேமிக்கும். அங்கிருந்து ஏற்றிவிட்டு லிங்க்கைக் கையால் தட்டச்சு செய்தால், ஃபைல் இல்லை என்று 404 பிழை வரும். எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் பெயர் சரியாகவே தெரியும். சர்வரில் வைக்கும் பெயரை எண்ணும் ஆங்கில எழுத்துமாக வைத்துக்கொண்டு, தமிழ்த் தலைப்பைப் பக்கத்தில் காட்டுங்கள்.

சப்டைட்டிலுக்கு எஸ்ஆர்டி ஃபைலை அப்படியே கொடுத்தால் பிரவுசர் எடுத்துக்கொள்ளாது. வெப்விடிடி-ஆக மாற்ற வேண்டும்: முதல் வரியில் WEBVTT என்ற சொல், நேரக்குறிப்பில் மில்லி விநாடிக்கு முன் காற்புள்ளிக்குப் பதில் முற்றுப்புள்ளி, சேமிப்பது யுடிஎஃப்-8-இல். தட்டச்சு செய்து தருபவர் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள். அடித்தவர் கம்ப்யூட்டரில் எழுத்துரு இருப்பதால் தமிழாகத் தெரியும். போனில் வெறும் ஆங்கில எழுத்துகள் ஓடும்.