அப்பச்சிக்குச் சொன்ன ஆராய்ச்சி வரிக்கணக்கு

காரைக்குடியில் இருந்துகொண்டு அமெரிக்கக் கம்பெனிகளுக்கு வரிக்கணக்குப் போடுகிறேன். "ஆராய்ச்சிக்குச் செலவழிச்சா வரி குறையுமா?" என்றார்கள் அப்பச்சி. வட்டிக்கணக்கில் ஊறியவர்கள்.

குறையும், அமெரிக்காவில் அதற்கு வரிச்சலுகை உண்டு என்றேன். முதலில் செலவைப் பிரிக்கணும். ஆராய்ச்சியில் செலவான நேரத்துக்குரிய சம்பளம், சோதனையில் தீர்ந்த பொருள் சேரும். வெளியாளுக்குக் கொடுத்ததில் பொதுவாக 65 சதவீதம்தான். கட்டடம், இயந்திரம் கிடையாது.

சலுகையைக் கணக்கிடும் எளிய முறையில், இப்படிச் சேரும் செலவின் முந்தைய 3 ஆண்டுச் சராசரி 4 லட்சம் டாலர் என்றால் பாதி 2 லட்சம். இந்த ஆண்டு 5 லட்சமா? மிச்சம் 3 லட்சத்துக்கு 14 சதவீதம், அதாவது 42,000 டாலர். வருமானத்தில் அல்ல, வரியிலேயே கழியும். அந்த 3 ஆண்டில் ஏதாவது ஒன்றில் செலவே இல்லையென்றால், இந்த ஆண்டுச் செலவில் 6 சதவீதம்தான்.

எல்லாம் அமெரிக்க வரித்துறையின் படிவம் 6765-இல். வேலை அமெரிக்காவில் நடந்திருக்கணும். நம்மூர் எஞ்சினியர் சம்பளத்தைச் சேர்த்துவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக அழித்து எழுதியிருக்கிறேன்.