அதிர்வுத் தட்டில் நின்றால் கால் அரிக்கிறதா? செய்ய வேண்டியவை

வைப்ரேஷன் பிளேட் எனப்படும் அதிர்வுத் தட்டின் மீது புதிதாக ஏறி நிற்பவர்களில் பலருக்கு, ஓரிரு நிமிடங்களிலேயே தொடையிலும் கெண்டைக்காலிலும் நமைச்சல் தொடங்கி, சொறியாமல் நிற்க முடியாத அளவுக்கு ஏறிவிடுகிறது. இயந்திரம் பழுதோ, தமக்கு ஏதும் தோல் நோயோ என்று அவர்கள் அஞ்சுவதுண்டு. ஜெர்மன் ஆய்வாளர் யோர்ன் ரிட்வேகரும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், களைத்துப்போகும் வரை தட்டின் மீது பயிற்சி செய்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கால்களில் அரிப்புடன் கூடிய சிவப்பு தோன்றியது. ஆகவே இது அபூர்வமான விளைவு அன்று.

அதிர்வின்போது கால் தோலின் நுண்குழாய்களில் இரத்த ஓட்டம் திடீரெனக் கூடுவதும், தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் எனப்படும் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் குலுங்கி, அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை வெளியிடுவதும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. உலர்ந்த தோலும், காலோடு உரசிக்கொண்டே ஆடும் தொளதொளப்பான உடையும் அதை மேலும் தூண்டுகின்றன.

அரிப்பு தொடங்கியவுடன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காமல் தட்டிலிருந்து இறங்கி, சில நிமிடங்கள் மெதுவாக நடக்க வேண்டும். சொறிவதால் தோல் மேலும் கிளர்ச்சியடையும் என்பதால், நகத்துக்குப் பதிலாகக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அந்த இடத்தில் வைப்பது நல்லது. உடனே வெந்நீரில் குளித்தால், ஏற்கெனவே விரிந்திருக்கும் இரத்தக் குழாய்கள் மேலும் விரிந்து அரிப்பு கூடக்கூடும். கால்களோடு நின்றுவிடும் சாதாரண அரிப்பு, பயிற்சியை நிறுத்திய சிறிது நேரத்தில் தடயமின்றி அடங்கிவிடும்.

அடுத்த முறை அது வராமலிருக்க, முதலில் தட்டின் அதிர்வு அளவைக் குறைத்துப் பார்க்க வேண்டும். இங்கே பெரும்பாலோர் வேகத்தை மட்டுமே கவனிக்கிறார்கள். நிற்கும் இடத்தைக் கவனிப்பதில்லை. சிறுவர் பூங்காவிலுள்ள சீசா என்னும் ஏற்ற இறக்கப் பலகையைப் போல இருபுறமும் மாறி மாறி ஏறி இறங்கும் தட்டுகளில், பாதங்கள் நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றனவோ அவ்வளவுக்கு அதிர்வின் வீச்சும் கூடும். எனவே பாதங்களை நடுவுக்கு அருகில் கொண்டுவந்தாலே, வேகத்தைத் தொடாமல் கால்களுக்கு வரும் குலுக்கலைக் குறைத்துவிடலாம். முழங்காலை நிமிர்த்தி விறைப்பாக நிற்காமல் சற்று மடக்கி நின்றால், அதிர்வு தலைவரை ஏறுவதும் மட்டுப்படும். வீட்டு உபயோகத் தட்டுகள் பலவற்றில் நொடிக்கு எத்தனை அதிர்வு என்று காட்டும் ஹெர்ட்ஸ் அளவுக்குப் பதிலாக 1 முதல் 99 வரை வெறும் நிலை எண்களே இருப்பதால், ஒருவருடைய எண்ணை இன்னொருவர் அப்படியே பின்பற்றுவதில் பொருளில்லை.

தொடக்கத்தில் 30 முதல் 60 நொடி வரை நின்று, அதே அளவு நேரம் ஓய்வெடுத்து, மொத்தம் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துக்கொண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்வது போதுமானது. இவ்வாறு சில வாரங்கள் சென்றபின் பலருக்கு அரிப்பு தானாகவே குறைகிறது. வறண்ட தோல் உள்ளவர்கள் குளித்தபின் தேங்காய் எண்ணெயோ ஈரப்பதக் களிம்போ தடவிக்கொள்ளலாம். ஆனால் எண்ணெய்ப் பாதத்தோடு தட்டில் ஏறினால் வழுக்கி விழ நேரிடும்.

ஒதுக்கித் தள்ளக் கூடாத அறிகுறிகளும் உண்டு. தோலில் தடித்த திட்டுகள் எழும்பினாலோ, அரிப்பு உடல் முழுவதும் பரவினாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். உதடும் முகமும் வீங்கினாலோ, மூச்சு இறுகினாலோ, தலைசுற்றி மயக்கம் வந்தாலோ தாமதமின்றி அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். அதிர்வாலேயே தடிப்பு ஏற்படும் பரம்பரை நிலை ஒன்று இருக்கிறது. லெபனான் நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், ஏடிஜிஆர்இ2 என்னும் மரபணுவிலுள்ள மாற்றமே அதற்குக் காரணம் என்று 2016இல் கண்டறிந்தார்கள். கை தட்டும்போதும், துவாலையால் அழுத்தித் துடைக்கும்போதும், குண்டும் குழியுமான சாலையில் பேருந்தில் செல்லும்போதும் தடிப்பு வருவது அந்நிலையின் அடையாளம் என்பதால், இவற்றில் எதுவும் நேர்ந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் குறிப்பிட வேண்டும். ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும் தோன்றினால் அது இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்த கட்டியாக இருக்கக்கூடும். அதை அரிப்போடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது.

அரிப்பை அடக்கப் பயிற்சிக்கு முன்பே ஒவ்வாமை மாத்திரையை விழுங்கிவிட்டு ஏறும் வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றுள் சில தூக்கத்தை வரவழைப்பதால் அதிரும் தட்டில் நிலைதடுமாறச் செய்யும். தவிர, எந்த வேகத்தில், எத்தனை நொடியில் உடல் மறுக்கிறது என்பதைக் காட்டும் அடையாளமும் மறைந்துபோகும். கர்ப்பிணிகளும், பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், சிறுநீரகக் கல் உள்ளவர்களும் அரிப்பைப் பற்றி யோசிக்கும் முன்பாகவே, தட்டில் ஏறலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.