குரங்கு நடத்தை ஆய்வுக்கு முதல் பத்து மணி நேரம்: சென்னை மாணவர்களுக்கான செய்முறை

குரங்குகளின் நடத்தையை ஆராயும் பல்கலைக்கழகக் குழுக்களுக்கு, ‘விலங்குகள் என்றால் எனக்கு உயிர்’ என்று தொடங்கும் மின்னஞ்சல்கள் குவிகின்றன. அதை மட்டும் வைத்துக்கொண்டு பேராசிரியர் யாரைத் தேர்ந்தெடுப்பார்? ஒரு பக்க நடத்தைப் பட்டியல், ஒழுங்காக நிரப்பிய பத்து மணி நேரப் பதிவுத்தாள்கள், இன்னொருவரின் பதிவோடு ஒத்துப்பார்த்த கணக்கு ஆகிய மூன்றையும் இணைத்து அனுப்புகிறவரின் கடிதம்தான் தனியாகத் தெரியும். மூன்றையும் சென்னையை விட்டு நகராமலே தயாரித்துவிடலாம். விலங்கியல் படித்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. உளவியல், புள்ளியியல், கணினி மாணவர்களுக்கும் இந்தத் துறையில் வேலை உண்டு.

படி 1: எந்தக் குரங்கு, எந்த இடம்

தமிழ்நாட்டில் நாட்டுக் குரங்கு, சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கு, கருமந்தி, சாம்பல் மந்தி, தேவாங்கு ஆகியவை உள்ளன. தேவாங்கு இரவில் நடமாடுவது. அதைப் பார்க்கத் தனிப் பயிற்சி வேண்டும். சோலைமந்தியும் கருமந்தியும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியவை. ஆகவே சென்னைக்காரருக்கு எளிதான வழி இரண்டு. ஒன்று, கிண்டிப் பகுதியில் சுதந்திரமாகத் திரியும் நாட்டுக் குரங்கு. தலை நடுவில் வகிடு எடுத்துச் சீவியதுபோல் முடி இருக்கும், தென்னிந்தியாவுக்கே உரிய இனம் இது. இன்னொன்று, வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் இருக்கும் சோலைமந்தி.

முதல் பயிற்சிக்கு வண்டலூரே நல்லது. விலங்கு மறைந்துபோகாது, எண்ணிக்கை நிலையானது, தனித்தனியாக அடையாளம் காண நேரம் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை பூங்கா விடுமுறை என்பதை மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள்.

அனுமதி விஷயத்தில் குழப்பம் வேண்டாம். கிண்டி தேசியப் பூங்கா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பகுதி. அங்கே ஆய்வு செய்யத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. ஐஐடி போன்ற வளாகமானால் நிறுவனத்தின் அனுமதி. வண்டலூரில் டிக்கெட் எடுத்து, பார்வையாளர் பாதையில் நின்று குறிப்பெடுப்பது பயிற்சிக்குப் போதும். ஆனால் அந்தத் தரவை எங்காவது வெளியிடும் எண்ணம் இருந்தால் முதலிலேயே பூங்கா நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். அனுமதியில்லாமல் எடுத்த தரவைப் பிறகு ஆய்விதழில் போடுவது கடினம்.

படி 2: உங்களையும் குரங்கையும் காப்பது

சுதந்திரமாகத் திரியும் குரங்கிடமிருந்து பத்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். பையில் தின்பண்டம், கையில் பாலிதீன் பை இரண்டும் கூடாது. பாலிதீன் சரசரப்பு கேட்டாலே நகரக் குரங்கு உணவு என்று ஓடிவரும். கண்ணுக்குக் கண் நேராகப் பார்ப்பது அதற்கு மிரட்டல். பல் தெரியச் சிரிப்பதும் வேண்டாம். குரங்கு மொழியில் அதற்கு வேறு அர்த்தம். சளி, காய்ச்சல் இருந்தால் அன்று போகாதீர்கள். மனிதரின் சுவாச நோய்கள் குரங்குக்கும் தொற்றும்.

கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். ‘சின்னக் கீறல்தானே’ என்று விடுவதுதான் ஆபத்து. காட்டுக் களப்பணிக்குப் போகிறவர்கள் இதற்கான முன்தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது.

படி 3: சாமான்

8×32 அல்லது 8×42 பைனாகுலர், கிளிப் பலகை, பென்சில், குறிப்பிட்ட இடைவெளியில் ஒலிக்கும் கைக்கடிகாரம். அவ்வளவுதான். பேனா வேண்டாம், சென்னை வியர்வையில் மை பரவிவிடும். பதிவுக்கான செயலிகள் இருக்கின்றன; உயிரியல் பூங்காக்களுக்கென்றே ஜூமானிட்டர் என்று ஒன்று உண்டு. ஆனால் முதலில் காகிதத்தில் பழகுங்கள். வெயிலில் திரை தெரியாது. செயலி கேட்கும் கேள்வி ஏன் கேட்கப்படுகிறது என்பதும் புரியாது.

படி 4: முகம் பழகுதல்

முதல் இரண்டு மணி நேரம் எந்த எண்ணும் எடுக்க வேண்டாம். ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, காதுக் கிழிசல், வால் வளைவு, உதட்டுத் தழும்பு, முகத்தின் நிறத்திட்டு என்று வரைந்து வையுங்கள். வளர்ந்த கடுவனுக்கு உடலும் கோரைப்பல்லும் பெரியவை. பாலூட்டிய பெண்ணுக்கு முலைக்காம்பு நீண்டிருக்கும். கிண்டியில் கூட்டம் பெரிதாக இருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தறிய முடியாவிட்டால், ‘வளர்ந்த ஆண், வளர்ந்த பெண், இளசு, குட்டி’ என்று வயது–பால் வகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவதைவிட அது மேல்.

பெயர் வைப்பதில் ஓர் எச்சரிக்கை. ‘ரவுடி’ என்று ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால், அது கொட்டாவி விட்டாலும் மிரட்டல் என்றுதான் எழுதத் தோன்றும். க1, க2, பெ1, பெ2 என்று குறியீடு போதும்.

படி 5: நடத்தைப் பட்டியல்

எல்லாவற்றிலும் அதிக உழைப்பு கேட்பது இதுதான். இது கோணலானால் பின்னால் வரும் எந்தக் கணக்கும் நேராகாது.

விதி ஒன்றே ஒன்று: கண்ணால் கண்டதை எழுது, காரணத்தை எழுதாதே. ‘கோபப்படுதல்’ என்பது காரணம். ‘வாயைத் திறந்து, புருவத்தை உயர்த்தி, எதிரில் இருப்பதை நேராக முறைத்தல்’ என்பது கண்டது. உங்கள் பட்டியலை நண்பரிடம் கொடுத்து, உங்களைக் கேட்காமலே அவரால் பதிவு செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் வரையறை இன்னும் தேறவில்லை.

நடத்தைகளை இரண்டு கூறாகப் பிரியுங்கள். நீடிப்பவை ‘நிலை’: ஓய்வு, நகர்தல், தீனி, பேன் பார்த்தல். சட்டென்று முடிபவை ‘நிகழ்வு’: மிரட்டல், உதட்டைச் சப்புக்கொட்டுதல், பல்லிளித்தல், சொறிதல், ஒன்று நெருங்க இன்னொன்று இடத்தை விட்டு விலகுதல். நிலைக்குக் கால அளவு, நிகழ்வுக்கு எண்ணிக்கை. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் பகுக்கும்போது தலை சுற்றும். நிலைகள் ஒன்றோடொன்று மேற்படியவும் கூடாது; ஒரு நேரத்தில் ஒரு விலங்குக்கு ஒரே நிலை.

புதியவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் கன்னப்பை. நாட்டுக் குரங்கும் சோலைமந்தியும் கிடைத்ததை அவசரமாகக் கன்னத்தில் அடைத்துக்கொண்டு, பிறகு வேறிடத்தில் உட்கார்ந்து மெல்லும். அது தீனியா, ஓய்வா? முடிவு உங்களுடையது, ஆனால் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘வெளியிலிருந்து கையோ வாயோ உணவை எடுத்தால் தீனி, கன்னப்பையிலிருந்து மெல்வது தனிக் குறியீடு’ என்று வைத்துக்கொண்டால் சண்டை இல்லை. கருமந்தி, சாம்பல் மந்தி போன்ற இலை தின்னிகளுக்குக் கன்னப்பையே கிடையாது, ஆகவே அவற்றுக்கு இந்தக் குறியீடும் வேண்டாம். ஓர் இனத்துக்குச் செய்த பட்டியலை இன்னொன்றுக்கு அப்படியே பெயர்த்து வைக்கக்கூடாது என்பது இதனால்தான்.

பேன் பார்ப்பதில் திசை முக்கியம். யார் யாருக்குப் பார்க்கிறார்கள் என்று எழுதாத பதிவு பாதிப் பதிவு. நடுவில் கை நின்றால் எவ்வளவு நேரம் கழித்து ‘முடிந்தது’ என்பது? 10 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் எழுதி வையுங்கள். கடைசியாக, ‘பார்வைக்கு வெளியே’ என்ற குறியீட்டைச் சேர்க்க மறக்காதீர்கள்.

முதல் பட்டியல் பத்துப் பன்னிரண்டு நடத்தைகளுக்கு மேல் போகக்கூடாது. நாற்பது எழுதினால் தாளில் தேடுவதற்குள் குரங்கு போய்விடும்.

படி 6: பதிவு முறை

விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974-இல் எழுதிய கட்டுரைதான் இன்றும் இந்தத் துறையின் அரிச்சுவடி. கண்ணில் பட்டதை விருப்பப்படி எழுதுவது (விருப்பப் பதிவு), கூட்டத்தை நோட்டமிடுவது (நோட்டப் பதிவு), ஒரே விலங்கைத் தொடர்வது (தொடர் பதிவு) என்று முறைகளைப் பிரித்து, எந்த முறை எந்தக் கேள்விக்குப் பொருந்தும் என்று சொன்னவர் அவர். பத்து மணி நேரத்தை இப்படிப் பங்கிடுங்கள்.

2 மணி நேரம் முகம் பழகுதலும் விருப்பப்படி குறிப்பெடுத்தலும். இந்தக் குறிப்புகளை எண்ணிக்கைக்குப் பயன்படுத்தாதீர்கள். சண்டை கண்ணை இழுக்கும், தூங்குவது இழுக்காது. ஆகவே விருப்பப் பதிவில் குரங்குகள் எப்போதும் சண்டைக்காரர்களாகவே தெரியும்.

4 மணி நேரம் நோட்டப் பதிவு. 10 நிமிடத்துக்கு ஒரு முறை கடிகாரம் ஒலிக்கும்போது இடமிருந்து வலமாக ஒவ்வொரு விலங்கையும் பார்த்து, பார்த்த அந்தக் கணத்தில் என்ன செய்கிறது என்று எழுதுங்கள். மொத்தம் 24 நோட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள். இங்கே நடக்கும் தவறு, ‘ஏதாவது செய்யட்டும்’ என்று காத்திருப்பது. சும்மா உட்கார்ந்திருப்பதும் தரவுதான்.

4 மணி நேரம் தொடர் பதிவு. ஒரு விலங்குக்கு 10 நிமிடம், இடையில் 2 நிமிடம். ஆக 20 பதிவுகள். யாரை எப்போது என்பதை வீட்டிலேயே சீட்டுக் குலுக்கி வரிசைப்படுத்திக்கொண்டு போங்கள். அங்கே நின்று தேர்ந்தெடுத்தால் கை தானாகவே துறுதுறுப்பானவற்றின் பக்கம் போகும். பக்கத்தில் பெரிய சண்டை மூண்டாலும் உங்கள் விலங்கை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். இதில்தான் பொறுமை சோதிக்கப்படுகிறது.

கணக்கில் ஒரு பொறி உண்டு. 10 நிமிடத்தில் 2.5 நிமிடம் விலங்கு மரத்துக்குப் பின்னால் இருந்தது, மூன்று முறை சொறிந்தது என்று வையுங்கள். பார்த்தது 7.5 நிமிடம், ஆகவே மணிக்கு 24 முறை. 10-ஆல் வகுத்தால் 18 என்று வரும், அது தவறு. சூழலும் கணக்கைக் கெடுக்கும். உணவு வைக்கும் நேரத்தை ஒட்டி மட்டும் பார்த்தால் தீனியின் பங்கு வீங்கிவிடும். மதிய வெயிலில் மட்டும் பார்த்தால் குரங்குகள் சோம்பேறிகள் என்று முடிவு கட்டுவீர்கள். காலை, நண்பகல், மாலை மூன்றிலும் சமமாகப் பிரியுங்கள். வண்டலூரில் ஞாயிறுக் கூட்டத்தையும் வார நாள் அமைதியையும் ஒப்பிட்டால் அதுவே நல்ல சிறு ஆய்வுக் கேள்வி.

படி 7: இருவர் ஒத்துப்பார்த்தல்

இருவர் ஒரே விலங்கை ஒரே நேரத்தில், பேசிக்கொள்ளாமல் பதிவு செய்யுங்கள். 100 பதிவுகளில் 85 ஒத்தால் ஒப்புமை 0.85. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குரங்கு பெரும்பாலும் ஓய்விலேயே இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘ஓய்வு’ என்று எழுதினாலும் பாதி ஒத்துப்போகும். அந்தத் தற்செயல் ஒப்புமையைக் கழிப்பதுதான் கோஹனின் கப்பா. தற்செயலாக ஒத்துப்போக வாய்ப்பு 0.40 என்றால், 0.85-லிருந்து 0.40 கழித்து, மீதி 0.45-ஐ 0.60-ஆல் (1-லிருந்து 0.40 போக மீதி) வகுக்க வேண்டும், 0.75 வரும். 0.8-ஐ எட்டவில்லை என்றால் எந்த இரண்டு குறியீடுகளில் மோதுகிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் வரையறைதான் குற்றவாளி. திருத்தி, மறுபடி செய்யுங்கள்.

படி 8: தரவை ஏற்றுதல்

தாளை அன்றிரவே படம் எடுத்து வையுங்கள். விரிதாளில் ஒரு பதிவுக்கு ஒரு வரிசை. தேதி, நேரம், பதிவாளர், முறை, விலங்கு, நடத்தை, யாருடன், வானிலை எனத் தனித்தனிப் பத்திகள். கட்டங்களை இணைக்காதீர்கள், நிறத்தில் பொருளை ஒளிக்காதீர்கள். நிகழ்வுகளை எண்ணும்போது நடக்கவில்லை என்றால் 0, விலங்கு ‘பார்வைக்கு வெளியே’ என்றால் வெற்று, இரண்டும் வேறு. ஆறு விலங்குகளை 24 முறை நோட்டமிட்டால் 144 வரிசை இருக்கும், ஆனால் மாதிரி எண்ணிக்கை 144 அல்ல, 6 தான்; ஒரே விலங்கின் பல பதிவுகள் தனித்தனி மாதிரிகள் ஆகா. நேர்காணலில் இதைச் சரியாகச் சொன்னாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

படி 9: குழுவின் கதவைத் தட்டுதல்

சென்னையில் முதலில் பார்க்க வேண்டியவை சென்னைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறை, தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் விலங்கியல் துறை, வண்டலூரில் இருக்கும் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம். வெளியூர் என்றால் கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி மையம், மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியின் வன உயிரியல் படிப்பு, மைசூர்ப் பல்கலைக்கழகம், பெங்களூர் தேசிய உயர் ஆய்வு நிறுவனம், டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனம். வால்பாறைப் பகுதியில் சோலைமந்திகளைக் குறித்து நீண்ட காலமாக வேலை நடக்கிறது.

உள்ளே போனதும் காட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் கிடைப்பது காணொளி பார்த்துக் குறியிடும் வேலை. போரிஸ் என்ற இலவச மென்பொருளை முன்பே பழகிக்கொண்டு போனால் மதிப்பு. ஒரு மணி நேரக் காணொளிக்கு மூன்று நான்கு மணி நேரம்கூட ஆகலாம். கூடவே கட்டுரை வாசிப்பு வட்டம், தரவு சரிபார்ப்பு, குரங்குக்கு உணவு போடுவதைக் குறைக்கக் குடியிருப்புகளில் பேசுதல் என்று பணிகள் இருக்கும். தமிழ் சரளமாக வருவது சின்னத் தகுதி இல்லை. பயிர்ச்சேதம் பற்றி விவசாயிகளிடம் கேட்டறிய ஆள் தேவைப்படும் குழுக்கள் உண்டு.

மின்னஞ்சல் 200 சொல்லைத் தாண்டக்கூடாது. அவர்களின் ஒரு கட்டுரையைப் படித்து, அதிலிருந்து ஒரு குறிப்பான கேள்வி, உங்களால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த மாதம் வரை முடியும், மூன்று இணைப்புகள். சேரச் சொன்னால் நான்கைக் கேட்டுவிடுங்கள்: உதவித்தொகை உண்டா, தங்குமிடம் யார் பொறுப்பு, களத்தில் காப்பீடு இருக்கிறதா, கட்டுரையில் பெயர் எந்த அளவு உழைப்புக்கு. கூச்சப்பட வேண்டாம், நல்ல குழுவிடம் நான்குக்கும் பதில் தயாராக இருக்கும்.

இரண்டு வாரத்தில் பதில் இல்லை என்றால் ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் இல்லையென்றால் அதே குழுவின் ஆய்வு மாணவருக்கு எழுதுங்கள். காணொளிக் குவியலோடு போராடிக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் அவர்தான்.