தலைவருக்குப் புள்ளி போடுவதற்கு முன்: வன்னியில் தலைமைத்துவ ஆய்வு செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கமக்காரர் அமைப்பு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், பிரதேச சபை என்று இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் தலைமைத்துவத்தை ஆராய இடத்துக்குப் பஞ்சமில்லை. முகாமைத்துவமும் அரசறிவியலும் படிக்கிற பிள்ளைகள் ஆண்டுதோறும் வினாக்கொத்தோடு இந்தச் சங்கங்களின் படலையைத் திறக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் எழுதி முடித்த ஆய்வுகளில் பெரும்பாலும் ஒரே முடிவுதான் வருகிறது: தலைவர் நல்லவர், ஆகவே சங்கம் நன்றாக நடக்கிறது. இந்த முடிவு எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் தவறுகள் தாமாகவே வெளியே வரும்.

முதலும் பெரியதுமான தவறு, தலைவரின் கையில் என்ன இருந்தது என்று பார்க்காமல் அவருக்குப் புள்ளி போடுவது. ஒரு பெரிய குளத்தின் சிறுபோகக் கூட்டத்தைப் போய்ப் பாருங்கள். மேடையில் மாவட்டச் செயலாளரும் திணைக்கள அதிகாரிகளும் இருப்பார்கள். கமக்காரர் அமைப்புத் தலைவர்கள் கீழே, கதிரைகளில். நீர்ப்பாசனப் பொறியியலாளர் எழுந்து குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று சொல்வார். அதை வைத்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது, முதல் தண்ணீர் எந்தத் திகதி, கடைசித் தண்ணீர் எந்தத் திகதி, மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது என்பதெல்லாம் முடிவாகும். தலைவர்கள் வாதாடுவார்கள், சில நேரம் வெல்வார்கள். ஆனால் அவர்களின் உண்மையான வேலை கூட்டம் கலைந்த பிறகுதான் தொடங்குகிறது. கிடைத்த ஏக்கரை உறுப்பினர்களுக்குப் பங்கு பிரிப்பது, வாய்க்கால் துப்புரவுக்கு ஆட்களைச் சேர்ப்பது, முறை தவறித் தண்ணீர் எடுத்தவரோடு பேசுவது எல்லாம் அவர்கள் பாடு. ‘தலைவர் எதிர்காலம் பற்றிய தெளிவான நோக்கைக் கொண்டிருக்கிறார்’ என்ற கேள்விக்கு ஐந்தில் நான்கு போட்டால் இதில் எது தெரியும்?

200 ஏக்கருக்குக் குறைவாகப் பாயும் சிறு குளம் என்றால் கதை வேறு. அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருவது. அங்கே கமக்காரர் அமைப்பின் கை இன்னும் ஓங்கியிருக்கும். இரண்டையும் ஒரே மாதிரிக்குள், அதாவது ஆய்வுக்குத் தெரிந்தெடுத்த ஒரே கூட்டத்துக்குள், கலந்துவிட்டுத் தலைவர்களை ஒப்பிடுவது சரியல்ல.

அடுத்தது காலம். 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்களை மூழ்கடித்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டபோது, அடுத்து வந்த காலபோகத்தில் விளைச்சல் விழுந்தது. அந்தப் போகத்து விளைச்சலை வைத்து ஒரு தலைவரை மட்டமானவர் என்று எழுதினால் அது கொழும்பில் எடுத்த முடிவின் பழியை அவர் தலையில் கட்டுவதாகும். நல்ல மழை பெய்த ஆண்டில் அவரைப் புகழ்வதும் அதே பிழைதான். 1985இல் தலைமைத்துவ ஆய்வாளர் மெயிண்டலும் அவரோடு சேர்ந்த இருவரும் இதைப் பற்றித்தான் எழுதினார்கள்: ஒரு நிறுவனம் மிக நன்றாகவோ மிக மோசமாகவோ போகும்போது, வேறு காரணங்களை விட்டுவிட்டுத் தலைவரையே காரணமாகக் காண்பது மனித இயல்பு. ஒரு குழு நன்றாகச் செய்தது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அதன் தலைவர் அதே நடத்தையோடு இருந்தாலும் பார்ப்பவர்கள் கூடிய புள்ளி கொடுக்கிறார்கள் என்று பரிசோதனைகளும் காட்டியிருக்கின்றன.

அப்படியிருக்க, தலைவர் எப்படி, சங்கம் எப்படி என்ற இரண்டு கேள்விகளையும் ஒரே ஆளிடம், ஒரே தாளில், ஒரே இருப்பில் கேட்டால் என்ன வரும்? இரண்டுக்கும் இடையில் அழகான தொடர்பு வரும். கணினி அதற்கு ‘இது தற்செயல் அல்ல’ என்று நட்சத்திரக் குறியும் போட்டுத் தரும். உண்மையில் அந்த மனிதர் அன்றைக்கு இருந்த மனநிலைதான் இரண்டு பக்கமும் பதிவாகியிருக்கும். தலைவரைப் பற்றி உறுப்பினரிடம் கேளுங்கள், சரி. சங்கத்தின் செயற்பாட்டை வேறு இடத்திலிருந்து எடுங்கள். வாய்க்கால் எந்தத் திகதியில் துப்புரவானது, கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா, கூட்டக் குறிப்பேட்டில் எத்தனை பேர் கையொப்பமிட்டார்கள், கணக்கறிக்கை சபையில் வாசிக்கப்பட்டதா என்பவற்றைக் கமநல சேவை நிலையத்திலும் சங்கத்தின் பதிவேட்டிலும் பார்க்கலாம். வாய்க்கால் கரையில் ஒருமுறை நடந்தால் இன்னும் தெளிவாகும்.

இனி 384. இந்த எண்ணைப் பார்க்காத ஆய்வறிக்கை குறைவு. கிறெஜ்சியும் மோர்கனும் 1970இல் வெளியிட்ட அட்டவணையில் மிகப் பெரிய குடித்தொகைக்கு வரும் மாதிரி அளவு இது. 95 வீத நம்பிக்கை, 5 வீத வழு, எல்லாவற்றுக்கும் மேலாக எழுமாற்றுத் தெரிவு (குலுக்கல் முறையில் எடுப்பது) என்பன அந்தக் கணக்கின் நிபந்தனைகள். கிராம அலுவலர் கூப்பிட்டு அனுப்பியவர்களிலும் சந்தையில் கண்டவர்களிலும் 384 பேரைச் சேர்த்தால் அந்த எண்ணுக்கு ஒரு பெறுமதியும் இல்லை. அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. ஆறு கமக்காரர் அமைப்புகளிலிருந்து 384 விவசாயிகளை எடுத்ததாக வைத்துக்கொள்வோம். நீங்கள் ஆராய்வது தலைவர்களை என்றால் உங்களிடம் இருப்பது ஆறு பேர் மட்டுமே. ஒரே தலைவரின் கீழுள்ள அறுபது பேர் அறுபது தனித்தனிச் சான்றுகள் ஆகமாட்டார்கள். நேரமும் காசும் அளவாக இருக்கும் மாணவருக்கு, ஆறு அமைப்புகளை ஆழமாகப் படித்து, ஆறைத்தான் படித்தேன் என்று எழுதுவது எவ்வளவோ நேர்மையான ஆய்வு.

வினாக்கொத்து எங்கே நிரப்பப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். பொது நோக்கு மண்டபம். ஒரு நீள மேசை. செயலாளர் தேநீர் கொடுக்கிறார். கண்ணாடி கொண்டுவராத அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி, கேள்வியை வாசித்து, ‘இதுக்கு நாலு போடுங்கோ அம்மா’ என்று உதவுகிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, உதவிதான். ஆனால் அந்தத் தாள் செயலாளரின் கருத்து. யுத்தத்துக்குப் பிறகு வன்னியில் விபரம் கேட்டு வந்தவர்கள் ஏராளம். வீட்டுத்திட்டத்துக்கு, வாழ்வாதார உதவிக்கு, புலனாய்வுக்கு என்று ஒவ்வொருவரும் ஒரு தாளோடு வந்தார்கள். அதனால் நீங்கள் யார், இந்தப் பதில் எங்கே போகும், உதவி ஏதும் வருமா என்ற மூன்று கேள்விகளும் அந்த அம்மாவின் மனதில் இருக்கும். வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் வீட்டுக்குப் போய்த் தனியே கேளுங்கள்.

பதவியில் இருப்பவர்தான் தலைவர் என்று எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. கடற்கரையில் சங்கத் தலைவர் ஒருவராக இருப்பார், கரைவலைச் சம்மாட்டி (வலையின் சொந்தக்காரர்) வேறொருவராக இருப்பார். கடன் கொடுப்பவர் சொல்வதுதான் எடுபடும் என்றும் இருக்கலாம். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதை ஆண்டுக்கணக்கில் கொண்டுசென்ற தாய்மார், பதவிப் பட்டியலை வைத்து மாதிரி எடுக்கும் எந்த ஆய்விலும் அகப்படமாட்டார்கள். வன்னியின் தலைமைத்துவத்தை எழுதி அவர்களை விட்டுவிட்டால் அது எனக்குப் பாதி ஆய்வாகத்தான் படுகிறது. உள்ளூராட்சி சபைகளில் 25 வீதப் பெண் ஒதுக்கீடு 2018 தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அங்கேயும் ஆசனங்களை எண்ணுவதோடு நின்றுவிடாமல், வட்டாரத்தில் வென்றவரா, மேலதிகப் பட்டியலில் வந்தவரா, சபையில் என்ன பிரேரணை கொண்டுவந்தார் என்று கூட்ட அறிக்கையில் பாருங்கள்.

அரசறிவியல் மாணவர்களுக்கு இரண்டு சொல்ல வேண்டும். வன்னி என்ற நிலப்பரப்பும் வன்னித் தேர்தல் மாவட்டமும் ஒன்றல்ல. தேர்தல் மாவட்டத்தில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மட்டும்தான். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் இருக்கிறது. அடுத்து, தொகுதி முடிவை வைத்து ஒரு சமூகம் எப்படி வாக்களித்தது என்று எழுதாதீர்கள். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பலர் புத்தளத்தில் இருந்துகொண்டே மன்னார் வாக்காளர்களாக வாக்களித்திருக்கிறார்கள். மன்னார் முடிவு மன்னாரில் குடியிருப்பவர்களின் முடிவு மட்டும் அல்ல. 1950இலேயே சமூகவியலாளர் ரொபின்சன் அமெரிக்கத் தரவுகளை வைத்து இந்தப் பொறியைக் காட்டினார்: வெளிநாட்டில் பிறந்தோர் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவு கூடவாக இருந்தது, ஆனால் தனியாட்களை எடுத்தால் வெளிநாட்டில் பிறந்தோரின் எழுத்தறிவு குறைவு. குடிசன மதிப்பீட்டிலும் இதே கவனம் வேண்டும். 1981க்குப் பிறகு வன்னி முழுவதையும் எண்ணிய கணக்கெடுப்பு 2012இல்தான் நடந்தது. நடுவிலே கோடு இழுத்து வளர்ச்சிப் போக்கு என்று காட்டக் கூடாது.

ஒரு நாட்டு மக்கள் அதிகார ஏற்றத்தாழ்வை எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்று அளக்கும் ஹொஃப்ஸ்டீடின் அதிகார இடைவெளிச் சுட்டியை முல்லைத்தீவு மீனவருக்கு ஒட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் ஊழியர்களிடம் எடுத்த தரவு. முதலில் வெளியான 40 நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் பாகிஸ்தானும் இருந்தன, இலங்கை இல்லை.

கடைசியாக, பெயரை மறைப்பது. ‘பெயர் குறிப்பிடப்படவில்லை’ என்று எழுதிவிட்டு, கிராம அலுவலர் பிரிவையும் பதவியையும் வயதையும் ஒரே வரியில் போடுகிறார்கள். எண்பது குடும்பம் உள்ள ஊரில் மாதர் சங்கத் தலைவி ஒருவர்தான். அதிகாரியைப் பற்றி அவர் சொன்ன குறை அச்சானால், அடுத்த உதவித் திட்டத்தில் அவர் பெயர் விடுபடலாம். பிரிவின் பெயரை எடுத்துவிடுங்கள், வயதைப் பத்தாண்டுத் தொகுதியாகப் போடுங்கள், மேற்கோளை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரிடமே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.