அடுத்தவர் கழற்றிவிட்ட ஷூ: பார்த்து வாங்கி, அளவெடுத்து, தேற்றுவது எப்படி?

முதன்முதலாக ஒரு ஜோடி பழைய ஆக்ஸ்ஃபோர்ட் ஷூவோடு (விசேஷங்களுக்குப் போடும் லேஸ் வைத்த தோல் ஷூ) வீட்டுக்கு வந்தபோது சின்னம்மா வாசலிலேயே மறித்துவிட்டார். "கோயில் வாசல்ல செருப்பு தொலைஞ்சா சனி தொலைஞ்சதுன்னு நிம்மதியா வருவோம். நீ என்னடான்னா எவனோ விட்டுட்டுப் போன சனியைக் காசு குடுத்து வாங்கிட்டு வர்றே!" இரண்டு வருடம் கழித்து அவர் மகன் தன் நிச்சயதார்த்தத்துக்கு அதே ஷூவைத்தான் என்னிடம் இரவல் கேட்டான்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில். டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் ஒரு காலத்தில் ஷூ தொழிற்சாலைகள் ஓகோவென்று நடந்தன. நம் ஆட்கள் நிறையப் பேருக்கு அதுதான் பிழைப்பு. 1990-களில் மலிவு இறக்குமதி வந்து பலவும் படுத்துவிட்டன. அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் நல்ல ஷூ ஒன்று வாங்கினால் கல்யாணம், கருமாதிக்கு மட்டும்தான் எடுப்பார்கள். அதனால் நாற்பது வயது ஷூவுக்கும் அடி தேயாமல் இருக்கும். சர்ச் பஜார், தர்மக் கடை, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, வீடு காலி செய்பவர்கள் போடும் விற்பனை என்று தேடினால் மாட்டும்.

படி 1: பளபளப்பைப் பார்க்காதீர்கள், மடிப்பைப் பாருங்கள்

விரல்கள் மடங்கும் இடத்தில் தோலைச் சற்று வளைத்துப் பாருங்கள். சுருக்கம் இருந்தால் பரவாயில்லை. சுருக்கத்தின் அடியில் வெளிறிய நார் தெரிந்தால் அது வெடிப்பு, எந்த க்ரீமும் அதை ஒட்டவைக்காது, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அடுத்து, தோல் சோலின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் ஓட்டை விழும் நாள் தூரத்தில் இல்லை. தையல் ஷூவாக இருந்தால் சோல் மாற்றிக்கொள்ளலாம்.

தையல் என்றால் எது? குட்இயர் வெல்ட் முறையில் மேல்தோலைச் சுற்றி ஒரு பட்டை தைத்து, அந்தப் பட்டையோடு அடிசோலைத் தனியாகத் தைப்பார்கள். சோலைப் பிரித்தாலும் மேல்தோலில் கை படாது. உள்ளே எட்டிப் பார்த்தால் கால் வைக்கும் தளத்திலேயே தையல் ஓடினால் அது ப்ளேக் தையல், அதற்கும் சோல் மாற்றலாம், ஆனால் அதற்குரிய இயந்திரம் இருக்கும் கடை வேண்டும். சும்மா அழகுக்குத் தையல் போட்டு அடியில் பசையால் ஒட்டியவையும் உண்டு, ஏமாறாதீர்கள்.

நான் ஏமாந்தது வேறு இடத்தில். பெட்டி கலையாத ஷூ, பஞ்சு மாதிரி இலேசான சோல். கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் போய் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால், வாசலிலிருந்து என் இலை வரைக்கும் கறுப்புத் துணுக்குகள், ரசப்பொடி சிந்தின மாதிரி. பாலியூரித்தேன் (நுரை பிளாஸ்டிக்) சோல் போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தில் உள்ளுக்குள்ளேயே சிதையும், டர்பன் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். நகத்தால் கீறினால் உதிர்கிற சோலை வாங்காதீர்கள்.

படி 2: உள்ளே எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள்

இங்கே நாம் போடுவது பிரிட்டிஷ் அளவு. ஒரு அளவுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 8.5 மி.மீ. அமெரிக்க ஆண்கள் ஷூவில் 9 என்றிருந்தால் இங்கே ஏறக்குறைய 8. ஐரோப்பிய 42-ம் அதே 8-ஐ ஒட்டித்தான் வரும். அகலத்தைச் சொல்லும் எழுத்துதான் ஆளைக் கவிழ்ப்பது. அமெரிக்காவில் D என்றால் நடுத்தரம். இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டனில் க்ராக்கெட் அண்ட் ஜோன்ஸ் என்ற ஷூ கம்பெனிக்கு E நடுத்தரம், அதே ஊர் சர்ச்சஸ் கம்பெனிக்கு F. எழுத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், சாக்ஸ் போட்டு, குதிகால் சுவரைத் தொட ஒரு தாளில் நில்லுங்கள். நீண்ட விரலின் நுனியில் கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். இரண்டு காலையும் அளக்க வேண்டும், பெரிய காலே கணக்கு. 265 மி.மீ. வந்தால் பிரிட்டிஷ் 8 அல்லது எட்டரையில் தொடங்கிப் பாருங்கள்.

படத்தை மட்டும் பார்த்து வாங்கும்போது, உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் ஷூவைக் கவிழ்த்து, சோலின் நீளத்தையும் அதிக அகலத்தையும் குறித்துவைத்து, விற்பவரிடம் அதே இரண்டு அளவைக் கேளுங்கள். என் 8-க்கு நீளம் 30 செ.மீ. போட்டுப் பார்க்க வாய்த்தால் பெருவிரல் மூட்டு, ஷூ மடங்கும் இடத்தில் உட்காருகிறதா என்று பாருங்கள். முன்னால் இடம் இருந்தும் அது உட்காராவிட்டால் அந்த ஷூ உங்களுடையது அல்ல.

படி 3: அழுக்கும் பூஞ்சணமும்

லேஸைக் கழற்றி, குதிரைமுடி பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். பூஞ்சணம் இருந்தால் முகக்கவசத்தோடு வீட்டுக்கு வெளியே வைத்து, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபங்கு கலந்து துணியில் தொட்டுத் துடையுங்கள். உள்பக்கத்தை மறக்காதீர்கள். தோலைக் கழுவும் சேடில் சோப் கொஞ்சமாகப் போதும், அது காரத்தன்மை உள்ளது, தோலோ இயல்பில் சற்று அமிலம். ஒரு முழு நாள் நிழலில் காயட்டும், வெயிலில் வைத்தால் தோல் விறைத்துப்போகும்.

படி 4: தோலுக்குத் தீனி

ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் தோல் தாகத்தில் இருக்கிறது. முத்து மாதிரி நின்றால் மேலே பழைய மெழுகு படிந்திருக்கிறது, பாலிஷ் நீக்கும் திரவத்தால் அதை எடுத்த பிறகே மேற்கொண்டு எதுவும். முதலில் ஷூவின் நாக்குப் பட்டைக்கு (லேஸுக்கு அடியில் இருக்கும் தோல்) அடியில் அந்தத் திரவத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

பிறகு தோலை மென்மையாக்கும் லெதர் கண்டிஷனர், விரலில் தடவி மெல்லிய பூச்சு. மறுநாள் இன்னொன்று. ஒரே நாளில் ஊற்றிவிடலாம் என்று கை பரபரக்கும், ஊற்றிவிடாதீர்கள். தேங்காய் எண்ணெயைத் தொடவே வேண்டாம்! திட்டுத்திட்டாகக் கறுக்கும். பாட்டிலில் அது உறைகிற குளிர்கால இரவுகளில் ஷூவின் மீதும் வெள்ளையாகப் பூத்து நிற்கும்.

படி 5: நிறமும் மினுக்கமும்

க்ரீம் பாலிஷில் நிறம் அதிகம், தகர டப்பா மெழுகில் பளபளப்பு அதிகம். பட்டாணி அளவு க்ரீமை வட்டமாகத் தேய்த்து, பத்து நிமிடம் கழித்து பிரஷ் போடுங்கள். சரியான நிறம் கிடைக்காவிட்டால் ஒரு படி வெளிறியதை எடுங்கள். கறுத்தபின் வெளுக்க முடியாது. மெழுகை முனைக்கும் குதிகாலுக்கும் மட்டும் பூசுங்கள். மடியும் இடத்தில் பூசினால் செதிலாக உரியும்.

படி 6: வைக்கும் விதம்

வடிவம் கெடாமலிருக்க ஷூவுக்குள் வைக்கும் மர அச்சு (ஷூ ட்ரீ) இல்லாவிட்டால் செய்தித்தாளை உருட்டித் திணித்து, மை படாமல் மேலே டிஷ்யூ சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சணம் திரும்பிவிடும். முதல் ஒரு வாரம் வீட்டுப் பாய்மேல் அரைமணி நேரம் நடந்து பாருங்கள், சோல் பிளக்கிறதா, குதிகால் கடிக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஒரு நாள் போட்டால் மறுநாள் ஓய்வு.