ஈர்ப்பலைக் கருவிகளின் இரைச்சல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளியையே சற்று நீட்டிச் சுருக்கிச் செல்லும் ஈர்ப்பலைகளை லேசர் ஒளியால் அளக்கும் லைகோ எவ்வளவு நுண்ணிய கருவி என்று கேட்டால், புரோட்டானைவிடச் சிறிய அசைவைக்கூட அளந்துவிடும் என்று பதில் வரும். பொய் இல்லை. ஆனால் எந்த அதிர்வெண்ணில் என்று சொல்லாவிட்டால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே நில அதிர்வு எல்லாவற்றையும் மூடிவிடுகிறது, 100 ஹெர்ட்ஸ் பக்கம் கண்ணாடிப் பூச்சின் வெப்ப அசைவு குறுக்கே நிற்கிறது, இன்னும் மேலே போனால் லேசர் ஒளி ஃபோட்டான்களாகச் சீரில்லாமல் வந்து விழுவதால் எழும் இரைச்சல். ஆக, உணர்திறன் என்பது ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் இரைச்சல், அதாவது அலையை மறைக்கும் வேண்டாத ஆட்டம், எவ்வளவு என்று காட்டும் ஒரு வளைகோடு.

அதைப் படிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 2015 செப்டம்பர் 14 அன்று பிடிபட்ட முதல் அலையின் உச்சம் (நீளம் எந்த விகிதத்தில் மாறியது என்ற அளவு) சுமார் 10⁻²¹, வளைகோட்டில் 100 ஹெர்ட்ஸ் அருகே இரைச்சல் சுமார் 10⁻²³, அப்படியானால் சிக்னல் நூறு மடங்கு பெரிது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து செங்குத்து அச்சின் அலகைப் பாருங்கள்: ஹெர்ட்ஸின் வர்க்கமூலம் கீழே வகுத்து நிற்கும். அந்த அலை 35 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை பரவியது. அகலம் 200 என்று வைத்தால் வர்க்கமூலம் 14, அதால் பெருக்கினால் இரைச்சல் 10⁻²²-ஐத் தாண்டுகிறது. நூறு மடங்கு என்று நினைத்தது பத்து மடங்குக்கும் கீழே வந்துவிட்டது! அந்த நிகழ்வுக்குச் சொல்லப்படும் 24 என்ற சிக்னல்-இரைச்சல் விகிதம், அலையின் பல சுற்றுகளையும் கணித்து வைத்த அலைவடிவத்தோடு பொருத்திக் கூட்டி, அமெரிக்காவின் ஹான்ஃபோர்டிலும் லிவிங்ஸ்டனிலும் உள்ள லைகோவின் இரண்டு கருவிகளையும் சேர்த்து வந்தது. உச்சத்தை மட்டும் பார்த்து வந்ததல்ல.

வடிகட்டாத தரவை வரைந்துவிட்டு எங்கே அலையைக் காணோம் என்று தேடுவதும் வீண். குறைந்த அதிர்வெண் ஆட்டமே அலையைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரிது.

சரி, லேசர் திறனைக் கூட்டினால் இரைச்சல் குறையுமே? பாதிதான் உண்மை. ஃபோட்டான் எண்ணிக்கை கூடக் கூட மேல் அதிர்வெண்களில் இரைச்சல் குறையும், அதே ஒளி 40 கிலோ கண்ணாடியைச் சீரில்லாமல் தள்ளுவதால் கீழ்ப்பக்கம் கூடும். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று ஏறும் இந்தச் சிக்கலுக்காகத்தான் அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஒளியின் குவாண்டம் நிச்சயமின்மையை மாற்றி அழுத்தித் தரும் 300 மீட்டர் ஒளிக்குழிகளை (கண்ணாடிகளுக்கு இடையே ஒளியை முன்னும் பின்னும் ஓடவிடும் அமைப்புகளை) அமைத்தார்கள். 2023-இல் தொடங்கிய நான்காம் அவதானிப்பு ஓட்டத்தில் அவை வேலை செய்தன.

எனக்கு மிகவும் ஆபத்தாகத் தோன்றும் தவறு, இரைச்சல் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் என்று எடுத்துக்கொள்வது. 2017-இல் ஹான்ஃபோர்டில் அண்டங்காக்கைகள் குழாயில் படிந்த பனிக்கட்டியைக் கொத்தியது தரவில் தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அலை வந்தபோது, மோதலுக்கு ஏறக்குறைய 1.1 விநாடி முன்பு லிவிங்ஸ்டனில் ஒரு பெரிய கிளிட்ச் (கருவியில் திடீரென எழுந்து மறையும் இரைச்சல்) விழுந்தது. தானியங்கித் தேடல் அங்கே கோட்டைவிட்டது, ஹான்ஃபோர்டில் மட்டும் பிடித்தது. ஆட்கள் வரைபடத்தைக் கண்ணால் பார்த்தபோது லிவிங்ஸ்டனிலும் அலையின் அதிர்வெண் தெளிவாக ஏறிப்போவது தெரிந்தது. கிளிட்ச் விழுந்த துண்டை முழுசாகத் தூக்கி எறிந்திருந்தால், வானத்தில் எந்தத் திசை என்று குறுக்கிச் சொல்வது இன்னும் கடினமாகியிருக்கும். அதனால் இரைச்சல் நிறமாலையைக் கணிக்கும்போது சராசரிக்குப் பதில் இடைநிலை மதிப்பை எடுங்கள், ஒரே ஒரு கிளிட்ச் சராசரியை எங்கோ இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரு விநாடித் துண்டை வைத்தும் கணிக்காதீர்கள், அதில் 60 ஹெர்ட்ஸ் மின்சாரக் கோடு போன்ற மெல்லிய கோடுகள் பரந்து அசிங்கமாகிவிடும்.

அப்புறம், இரண்டு கருவியிலும் ஒரே நேரத்தில் தெரிந்ததால் அது அலைதான் என்பதும் அவசரம். இரண்டுக்கும் நடுவே ஒளி செல்ல 10 மில்லிவிநாடி, அந்த இடைவெளிக்குள் தற்செயலாக இரண்டு கிளிட்ச்கள் சேர்ந்து வரலாம். அது எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்று அறிய ஒரு கருவியின் தரவை 10 மில்லிவிநாடிக்கு மேல் நகர்த்தி வைத்து மறுபடி தேடுவார்கள். அங்கே கிடைக்கும் பொருத்தங்கள் எதுவும் உண்மை அலையாக இருக்க முடியாது. இப்படிப் பல தடவை நகர்த்தி எண்ணினால்தான் உங்கள் நிகழ்வை எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல முடியும்.