ஹோனிங் முடிந்த பிளாக்கை டீசலில் மட்டும் கழுவாதீர்கள்

பழைய டீசல் லாரி எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கிறவர்கள், ஹோனிங் போட்டு (சிலிண்டரின் உட்சுவரைக் கல்லால் தேய்த்துச் சீராக்கி) லேத்திலிருந்து வந்த எஞ்சின் பிளாக்கை டீசல் ஊற்றிக் கழுவியதோடு விடாமல், சூடான தண்ணீரும் சோப்புத் தூளும் போட்டு நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் எஞ்சின் ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் போரை, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையைத் துடைத்துப் பாருங்கள், துணியில் இன்னும் சாம்பல் நிறம் ஒட்டினால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

ஹோனிங் கல்லின் பொடி போரில் உள்ள குறுக்குக் கோடுகளுக்குள் உட்கார்ந்துவிடும், டீசல் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்குமே தவிர அந்தப் பொடியைச் சரியாகக் கிளப்பாது, சோப்புத் தண்ணீர்தான் கிளப்பும். உள்ளே தங்கினால் புது பிஸ்டன் ரிங்கையும் போரையும் அரைத்துவிடும், எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். பம்ப்பில் கொஞ்சம் டீசல் கூட்டி, டர்போவும் மாட்டி இழுவையை ஏற்றப் போகிறீர்கள் என்றால் ரிங் போரோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்பது இன்னும் முக்கியம். ஆயில் போகும் துளைகளின் பிளக்கைக் கழற்றி உள்ளேயும் பிரஷ் விடுங்கள், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கழுவியதும் ஏர் அடித்து உடனே ஆயில் பூசிவிட வேண்டும். கடலூர் முதுநகர், புதுச்சேரி பக்கம் அடிக்கிற உப்புக் காற்றில் வெறும் இரும்பு சீக்கிரமே துரு பிடிக்கும்.

ஹோனிங் தேவைப்படாத, ஃபினிஷ் செய்தே வரும் புது லைனர் (பிளாக்குக்குள் செருகும் சிலிண்டர் உருளை) என்றால் இவ்வளவு தேய்க்க வேண்டாம், ஆனால் மேலே பூசியிருக்கும் எண்ணெயைக் கழுவிச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். அலுமினிய பாகங்களுக்குக் காஸ்டிக் சோடா கூடவே கூடாது.